இரு உலோகம், ஓர் உலை

கார் எஞ்சினிலிருந்து கழற்றிப் போட்ட எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று கையில் கிடைத்தால், ஒரு சின்னக் காந்தத்தை அதன் தண்டில் ஒட்டவைத்துத் தலைப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். பல வால்வுகளில், இறுகப் பிடித்துக்கொண்டு வரும் காந்தம் ஓரிடம் தாண்டியதும் பிடியை விட்டுவிடும். அந்த இடத்தில் கண்ணுக்கு ஒரு கோடும் தெரியாது. சாணை பிடித்து வழவழப்பாக்கியிருப்பார்கள். ஆனால் அங்கேதான் ஓர் எஃகு முடிந்து இன்னோர் எஃகு தொடங்குகிறது. தண்டு, குரோமியமும் சிலிக்கனும் கலந்த, கடினப்படுத்தக்கூடிய மார்ட்டென்சைட் வகை. தலை, தொழிலில் 21-4என் என்று வழங்கும் ஆஸ்டெனைட் வகை. அதில் குரோமியம் 21 விழுக்காடு, மாங்கனீசு 9, நிக்கல் 4, கூடவே கொஞ்சம் நைட்ரஜன். இந்த எஃகைக் காந்தம் இழுக்காது.

வால்வின் தலை எரிந்த வாயுவின் நடுவே 700 டிகிரி செல்சியசுக்கு மேல் நின்று வேலை செய்கிறது. தண்டின் வேலை வேறு. கைடுக்குள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஏறி இறங்கினாலும் அது தேயக்கூடாது. தலைக்கு உகந்த எஃகு தண்டுக்கு மென்மையாகிவிடும். தண்டுக்கு உகந்தது தலையின் சூட்டில் தளர்ந்துவிடும். அதனால் இரண்டையும் உராய்வு வெல்டிங்கில் ஒட்டுகிறார்கள். சென்னையின் ரானே எஞ்சின் வால்வு முதல் உலகெங்கும் வால்வு செய்யும் ஆலைகளுக்கு இது அன்றாட வேலை.

ஒட்டுவது சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஒட்டிய பிறகு என்ன செய்வது என்பதுதான் நெடுங்காலமாக ஆய்வாளர்களைச் சுற்றவிடுகிற கேள்வி. உலையில் வைத்துச் சூடேற்ற வேண்டுமா, வேண்டுமானால் எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம், இரு உலோகங்களில் எதன் பொருட்டு? வெல்டிங்குக்குப் பின் வெப்பப் பதப்படுத்தல் செய்தே தீர வேண்டும் என்ற பழக்கம், ஒரே வகை எஃகை ஒட்டிவந்த காலத்தில் வேரூன்றியது. இரு வேறு உலோகக் கலவைகள் சேரும்போது அதே சூடு ஒரு பக்கத்தைச் சரிசெய்து மறுபக்கத்தைக் கெடுக்கும். இரண்டும் சந்திக்கும் இணைமுகத்தில், இரண்டுக்கும் சொந்தமில்லாத மூன்றாவது பொருள் ஒன்றையும் வளர்க்கும். இந்தத் துறையில் வந்துள்ள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இதுதான்: பதப்படுத்தலின் பெரும்பகுதியை வெல்டிங்குக்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும்; பின்னால் வரும் உலைக்கு விட்டுவைக்கக்கூடிய வேலை மிகக் குறைவு.

உராய்வால் உலோகத்தை ஒட்டும் எண்ணம் பழையது. ஜே. எச். பெவிங்டன் 1891-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஆனால் அது தொழில்முறையாக உருவெடுத்தது 1956-ஐ ஒட்டி சோவியத் நாட்டின் லேத் இயக்குநர் ஏ. ஐ. சுடிகோவ் செய்த சோதனைகளுக்குப் பிறகே. 1960-களில் அமெரிக்காவின் கேட்டர்பில்லர் நிறுவனம், ஃபிளைவீலில் சேமித்த ஆற்றலைக் கொண்டு ஒட்டும் இனர்ஷியா முறையைக் கொண்டுவந்தது. 1991-இல் இங்கிலாந்தின் டி.டபிள்யூ.ஐ. நிறுவனம் தந்த, கருவியைச் சுழற்றிக் கலக்கி ஒட்டும் முறை தனிக்கிளை. இங்கே தண்டும் தண்டும், குழாயும் குழாயும் சுழன்று ஒட்டும் முறையோடு நிற்கிறேன்.

ஒன்றைச் சுழற்றி, மற்றொன்றை அதன்மேல் அழுத்த வேண்டும். உராய்வில் இருமுகமும் சூடாகி இளகும். உருகுநிலையை எட்டும் முன்பே சுழற்சியை நிறுத்தி, அழுத்தத்தைக் கூட்டி அடித்து இறுக்க வேண்டும். இளகிய உலோகம் ஓரமாகப் பிதுங்கி வளையமாக நிற்கும்; பட்டறையில் அதை ஃபிளாஷ் என்பார்கள். பழைய ஆக்சைடும் அழுக்கும் பெரும்பாலும் அந்த ஃபிளாஷோடு வெளியேறிவிடும். உலோகம் உருகாததால், வில் வெல்டிங்கில் வரும் வார்ப்பு அமைப்பும் இல்லை, வாயுத் துளைகளும் இல்லை.

சூடான பகுதி மிகக் குறுகியது. இரு பக்கமும் குளிர்ந்த உலோகம் காத்திருக்கிறது. அழுத்தம் நின்ற கணமே அது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடினமாகக்கூடிய எஃகு ஒன்று அங்கே இருந்தால், யாரும் தண்ணீரில் தோய்க்காமலே தோய்த்த நிலைக்குப் போய்விடும். அதாவது, உலைக்குப் போகும் முன்பே அந்த மூட்டு ஒரு பதப்படுத்தலைக் கண்டுவிட்டது. யாரும் திட்டமிடாத பதப்படுத்தல் அது.

வால்வில் நடப்பது இதுதான். தண்டின் எஃகில் கார்பன் 0.45 விழுக்காடு அளவில், குரோமியம் 9 அளவில். இணைமுகத்தை ஒட்டிய பகுதி ஆஸ்டெனைட்டாக மாறிக் குளிர்ந்ததும் மார்ட்டென்சைட்டாகிறது. ராக்வெல் சி அளவில் கடினத்தன்மை 55-ஐத் தாண்டிவிடும். எதிர்ப்பக்கம் 21-4என் எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தாலும் அப்படி மாறாது. ஆக, ஒரு மில்லிமீட்டருக்குள் கண்ணாடி போன்ற கடினமும், வளைந்துகொடுக்கும் மென்மையும் அடுத்தடுத்து நிற்கின்றன. இதை அப்படியே விட்டால் நிமிர்த்தும்போதோ, சாணை பிடிக்கும்போதோ விரிசல் விடலாம். எனவே இங்கே சூடேற்றுவது கட்டாயம். மார்ட்டென்சைட்டை டெம்பரிங் செய்தே, அதாவது மறுபடி அளவாகச் சூடேற்றி அதன் நொறுங்கும் தன்மையைத் தணித்தே ஆக வேண்டும்.

எந்த அளவுக்கு? தண்டு எஃகைத் தனியாக எடுத்துக்கொண்டால், 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கடினப்படுத்தி, 700 டிகிரிக்கு மேல் டெம்பர் செய்வது வழக்கம். தலை எஃகைத் தனியாக எடுத்துக்கொண்டால், 1,150 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையில் கரைத்து, நீரில் குளிர்வித்து, 760 முதல் 815 டிகிரிக்குள் ஏஜிங் செய்வார்கள், அதாவது அந்தச் சூட்டில் வைத்திருந்து வலிமையேற்றுவார்கள். இரண்டு பட்டியலும் ஓரிடத்தில் நெருங்கி வருவது வால்வுத் தொழிலுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். தலையின் முழுப் பதப்படுத்தலை ஒட்டும் முன்பே முடித்துவிட்டு, ஒட்டிய பிறகு டெம்பரிங்கை மட்டும் செய்தால், தலைக்குப் பெரிய சேதமில்லை. அது ஏற்கெனவே கண்ட வெப்பநிலைதான். தண்டின் நுனியில் வேண்டிய கடினத்தைக் கடைசியில் இண்டக்ஷன் சுருளால் அந்த இடத்துக்கு மட்டும் கொடுத்துவிடலாம். இந்த ஜோடியில் வரிசைதான் சூத்திரம்.

டர்போசார்ஜரின் சுழலியும் இதே குடும்பம். சக்கரம் இன்கோனல் 713சி வார்ப்பு, தண்டு குரோமியம்-மாலிப்டினம் எஃகு. சூட்டுக்கு அஞ்சாத நிக்கல் கலவையை டெம்பரிங் உலை ஒன்றும் செய்யாது. எஃகுத் தண்டின் தேவையை மட்டும் பார்த்து வெப்பநிலையைத் தேர்ந்துகொள்ளலாம்.

இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளையும் வைத்து எல்லா ஜோடிக்கும் விதி எழுதினால்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அழுத்தக்கலன் விதித்தொகுப்பில், வெவ்வேறு பிரிவைச் சேர்ந்த இரு உலோகங்களை வெல்டிங் செய்தால், எதற்கு உயர்ந்த வெப்பநிலை தேவையோ அதற்குரிய பதப்படுத்தலையே பின்பற்ற வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கார்பன் எஃகையும் குரோமியம்-மாலிப்டினம் எஃகையும் மனத்தில் வைத்தால் இது நியாயமான விதி. ஆனால் அதன் தர்க்கத்தை அப்படியே டைட்டானியம்-எஃகு, அலுமினியம்-எஃகு மூட்டுக்கு நீட்டினால் மூட்டே மிஞ்சாது. ஒரே குக்கரில் அரிசியையும் ஊறாத கொண்டைக்கடலையையும் போட்டு, கடலைக்கு வேண்டிய விசிலை வைத்தால் அரிசி என்ன ஆகுமோ, அதுதான் இங்கும்.

இரும்புக் குடும்பத்துக்குள்ளேயே இந்த விதி சிரமப்படும் இடம் ஒன்று உண்டு. பி91 என்ற 9 விழுக்காடு குரோமிய எஃகைக் கொதிகலன் வேலையில் ஆஸ்டெனைட் எஃகோடு சேர்க்க வேண்டிவரும். பி91-க்கு 740 முதல் 760 டிகிரிக்குள் டெம்பரிங் தேவை. அது இல்லாமல் அந்த எஃகை நம்ப முடியாது. எதிர்ப்பக்கத்து ஆஸ்டெனைட் எஃகுக்கோ 450 முதல் 850 டிகிரி வரை ஆபத்தான வட்டாரம். அந்தச் சூட்டில் குரோமியம் கார்பனோடு சேர்ந்து படிக மணிகளின் எல்லையில் கார்பைடாகப் படியும். எல்லையை ஒட்டிய பகுதி குரோமியம் வற்றி, அரிப்புக்கு இடம் கொடுக்கும். கார்பன் 0.03 விழுக்காட்டுக்குள் உள்ள 'எல்' வகைகளைத் தேர்ந்தால் இந்த அபாயம் தணியும். இந்த முடிவை எடுக்க வேண்டியவர் உலை இயக்குபவர் அல்லர். பொருள் வாங்கும்போதே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

கார்பன் இடம்பெயர்வது இன்னொரு தொல்லை. குரோமியம் கார்பனை ஈர்த்துக் கட்டிவைக்கும் இயல்புள்ளது. குரோமியம் குறைந்த எஃகும் கூடிய எஃகும் அருகருகே நின்றால், உலையின் சூட்டில் கார்பன் முன்னதிலிருந்து பின்னதற்குக் கடந்துபோகும். ஒரு பக்கம் கார்பன் வற்றிய மென்மையான பட்டை. மறுபக்கம் கார்பைடு நிறைந்த கடினமான பட்டை. உருக்கி ஒட்டும் வெல்டிங்கில் நிரப்பு உலோகம் நடுவே நின்று இந்தச் சரிவைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். உராய்வு வெல்டிங்கில் நடுவே யாரும் இல்லை. இரு வேறு கலவைகள் சில மைக்ரான் தொலைவில் நேருக்கு நேர் நிற்கின்றன. கார்பனுக்குச் சரிவு மிகச் செங்குத்து. உள்ளே பூட்டிய தகைவைத் தணிக்க என்று கொடுத்த சூடு இப்படி ஒரு மென்பட்டையைப் பரிசளித்துவிட்டுப் போகும்.

சேர்மம் உண்டாகும் ஜோடிகளுக்கு வந்தால் கதையே மாறுகிறது. ஹைதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த மெஷ்ராம், மோகன்தாஸ், மதுசூதன ரெட்டி ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இரும்பு-டைட்டானியம், செம்பு-டைட்டானியம், இரும்பு-செம்பு, இரும்பு-நிக்கல், செம்பு-நிக்கல் என்று ஐந்து தூய உலோக ஜோடிகளை எடுத்துக்கொண்டது. ஒன்றில் ஒன்று கரையுமா, கரையாதா, சேர்மமாகுமா என்ற கேள்வியிலிருந்து தொடங்கிய அந்த அணுகுமுறையே சரியானது என்பேன். வெப்பப் பதப்படுத்தலின் விதியும் அந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. நிக்கலும் செம்பும் எல்லா விகிதத்திலும் ஒன்றில் ஒன்று கரையும். சூடேற்றினால் இணைமுகம் பரந்து மெல்ல மங்கும், அவ்வளவே. இரும்பும் அலுமினியமும் அப்படியல்ல. திட நிலை அலுமினியத்தில் இரும்பு கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. எனவே சந்தித்த இடத்தில் இரண்டு பங்கு இரும்புக்கு ஐந்து பங்கு அலுமினியம், ஒன்றுக்கு மூன்று என்ற விகிதங்களில் இடையுலோகச் சேர்மங்கள் உண்டாகின்றன. இவை கடினமானவை, நொறுங்குபவை.

இந்தச் சேர்மங்களின் படலம் துளியும் இல்லாவிட்டால் ஒட்டு உண்டானதற்கே உறுதியில்லை; ஒரு மைக்ரான் அளவுக்குள் சீராக இருந்தால் மூட்டு நன்றாக நிற்கும்; அதைத் தாண்டிச் சில மைக்ரானாகத் தடித்தால் சுத்தியலால் தட்டினாலே விடும். உராய்வு வெல்டிங்கின் பெருமையே படலத்தை இந்த மெல்லிய அளவில் நிறுத்துவதுதான். உலை அந்தப் பெருமையைக் கரைக்கிறது. விரவலால் வளரும் படலத்தின் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தைத் தொடரும்: இரட்டிப்புத் தடிமனுக்கு நான்கு மடங்கு நேரம், பத்து மடங்குக்கு நூறு மடங்கு நேரம். கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் வெப்பநிலைக்கு இந்தத் தயவு கிடையாது. அது அடுக்குக்குறியாக வேகத்தை ஏற்றும். நேரத்தைக் குறைத்து வெப்பநிலையைக் கூட்டலாம் என்று போடும் கணக்கு இங்கே பெரும்பாலும் நட்டத்தில்தான் முடியும்.

சுழலும் தண்டில் நடுமையத்தின் வேகம் பூஜ்யம், விளிம்பில் உச்சம். அதனால் ஒட்டிய உடனேயே மையத்திலும் விளிம்பிலும் படலத்தின் தடிமன் வேறுவேறாக இருக்கும். உலையில் வைத்தால் மெல்லிய இடம் வேகமாகவும் தடித்த இடம் மெதுவாகவும் வளர்ந்து, வேறுபாடு குறையும். அறிக்கைகளில் இது 'சீரான படலம்' என்று நல்ல பெயர் வாங்கிவிடுகிறது. எல்லா இடமும் ஒரே மாதிரி தடித்துவிட்டதும் சீர்தான்.

அலுமினியக் கலவையில் என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதும் பெரிய மாறுதல் செய்யும். சிலிக்கன் இரும்பு-அலுமினியப் படலத்தின் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். மக்னீசியம் கூடிய 5000 வரிசைக் கலவைகள் எஃகோடு உராய்வில் ஒட்டும்போது பலவீனமாக அமைவது பலரும் பதிவு செய்த செய்தி. தூய அலுமினியம் அதைவிட எளிதாக ஒட்டும். அதனால்தான் நடுவே தூய அலுமினிய வில்லை ஒன்றை வைத்து, ஒரு பக்கம் எஃகையும் மறுபக்கம் வலுவான கலவையையும் ஒட்டும் உத்தி பிறந்தது. வலிமையில் கடைசி இடத்தில் இருக்கும் உலோகத்தை நடுவில் வைத்து மூட்டைக் காப்பாற்றுவது முதலில் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் மெல்லிய மென்படலம் இரு பக்கத்து வலிய உலோகங்களால் நெருக்கப்பட்டு நிற்கும்போது, தனியாக நின்றால் தாங்குவதைவிட அதிகம் தாங்கும்.

6061 கலவையையும் எஃகையும் எடுத்துக்கொள்வோம். 6061-இன் வலிமை, அதற்குள் விரவிய நுண்ணிய வீழ்படிவுகளிலிருந்து வருவது. முழு வலிமை பெற்ற நிலையில் ஒட்டினால், உராய்வின் சூட்டில் இணைமுகத்தை ஒட்டிய வீழ்படிவுகள் கரைந்தும் தடித்தும் போய், அங்கே ஒரு மென்பகுதி உண்டாகும். வலிமையை முழுதாக மீட்க வேண்டுமானால் 530 டிகிரியில் கரைத்து நீரில் குளிர்விக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் இரும்பு-அலுமினியப் படலம் தடித்துக்கொண்டே போகும்; நீரில் போட்டதும் இரு உலோகங்களின் சுருக்க வேறுபாடு அதே படலத்தைத் திருகும். பாடநூல் சொல்லும் முழுப் பதப்படுத்தல் இந்த மூட்டுக்கு விஷம்.

வழி எளியது. அலுமினியத்தைத் தனியாகக் கரைத்துக் குளிர்வித்து, ஏஜிங் செய்யாத நிலையில் வைத்திருக்க வேண்டும். அந்த நிலையில் ஒட்ட வேண்டும். பிறகு 160 முதல் 175 டிகிரியில் மணிக்கணக்காக வைத்து ஏஜிங் மட்டும் செய்ய வேண்டும். அந்தச் சூட்டில் வீழ்படிவுகள் தோன்றி வலிமை ஏறும். இரும்பு-அலுமினியப் படலமோ அசையாது. சேர்மம் உண்டாக்கும் ஜோடிகளில் வெப்பப் பதப்படுத்தல் உண்மையாகவே உதவும் இடங்களில் இது மிகத் தெளிவானது. உலையின் வேலையைப் பாதியாக வெட்டி, முதல் பாதியை மூட்டு பிறக்கும் முன்பே முடித்துவிட்டதால் வந்த பயன்.

செம்பு-அலுமினிய மூட்டுகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அலுமினியக் கேபிள் செம்பு முனையோடு சேரும் இடத்தில், ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். அதைத் தடுக்கத்தான் பைமெட்டல் லக் போடுகிறார்கள். கேபிள் நுழையும் குழல் அலுமினியம், போல்ட் போடும் தட்டை செம்பு. இரண்டும் உராய்வு வெல்டிங்கில் ஒட்டியவை. இந்த ஜோடிக்கு 548 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டு. இரண்டுக்கும் நடுவே ஐந்து வகைச் சேர்மங்களும் உண்டாகலாம். இங்கே நொறுங்குவதோடு மின்தடையும் ஏறும். தடை ஏறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் படலம் வளரும். ஆகவே லக்குக்கு ஒட்டிய பிறகு உலை தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்கு உண்மையான வெப்பப் பதப்படுத்தல் மின்கம்பத்திலும் மின்பெட்டியிலும் நடக்கிறது. எக்ஸ்.எல்.பி.இ. உறையிட்ட கேபிளின் கடத்தி இயல்பாக 90 டிகிரி வரை போகலாம். குறுக்குச்சுற்று வந்தால் சில நொடிகளுக்கு 250 டிகிரி வரை அனுமதி. 90 டிகிரியில் படலம் வளர்வது மிக மிக மெதுவாக. போல்ட் தளர்ந்து லக் கொதிக்கத் தொடங்கினால்தான் கணக்கு தப்பும். ஆய்வுக்கூடத்தில் 400 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்த முடிவுகளிலிருந்து முப்பதாண்டுச் சேவைக்காலத்தை ஊகிப்பவர்கள், வெப்பநிலை மாறும்போது எந்தச் சேர்மம் முந்தி வளரும் என்பதே மாறக்கூடும் என்பதையும் கருத வேண்டும்.

சூடேற்றியே தீர வேண்டிய வால்வுக்கும் உலையே வேண்டாத லக்குக்கும் நடுவில் நிற்கிறது டைட்டானியம்-எஃகு ஜோடி. ஆய்வுகளிலும் அதிகம் சர்ச்சைக்குரியது. கல்பாக்கத்தில் அணு எரிபொருள் மறுசுத்திகரிப்பின் தேவைக்காக டைட்டானியத்தையும் 304எல் எஃகையும் வெடிப்பு முறையிலும் உராய்வு முறையிலும் இணைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கொதிக்கும் நைட்ரிக் அமிலம் அங்கே வேலை செய்யும் சூழல். குரோமியம் வற்றிய எல்லைகள் எஃகுப் பக்கத்தில் உண்டானால் அந்த அமிலம் அவற்றைத் தேடிப் போய்த் தின்னும். அதாவது தகைவு தணிக்கும் சூடு, வலிமையை மட்டுமல்லாமல் அரிப்பையும் கேட்டுத்தான் முடிவாக வேண்டும்.

ஜப்பானின் ஃபூஜியும் உடன் ஆய்வாளர்களும் 1990-களில் டைட்டானியம்-304எல் உராய்வு மூட்டுகளில் செய்த பணி இந்தத் துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. இழுவிசைச் சோதனையில் நன்றாக நிற்கும் மூட்டு, வளைவுச் சோதனையில் பட்டென்று விடுவதை அவர்கள் கவனித்தார்கள். பொருத்தமான வெப்பப் பதப்படுத்தலால் வளைவுத் திறனை மீட்க முடியும் என்றும் காட்டினார்கள். இணைமுகத்தை ஒட்டிய பகுதி உராய்வில் அதிகம் பிசையப்பட்டு இறுகியிருக்கும்; மிதமான சூடு அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். சூடும் நேரமும் மிஞ்சினால் இரும்பு-டைட்டானியச் சேர்மம் தடித்து, கிடைத்த லாபத்தை விழுங்கிவிடும். டைட்டானியக் கலவைகளுக்குத் தகைவு தணிக்க 480 முதல் 650 டிகிரி வரை வழக்கமான எல்லை. அதில் கீழ்ப்பாதியே எஃகோடு சேர்ந்த மூட்டுக்குப் பாதுகாப்பானது.

தகைவு தணிப்பது என்ற சொற்றொடரையே இங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். ஒரே உலோகமானால் அது பொருளுள்ள வேலை. சூட்டில் உலோகம் இளகும், உள்ளே பூட்டிய தகைவு தளரும், மெதுவாகக் குளிர்வித்தால் தளர்ந்தபடியே அறை வெப்பநிலைக்கு வந்து சேரும். இரு உலோகமானால் கடைசிப் படியில் கணக்கு தவறும். ஒரு மீட்டர் நீளம் ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியும் என்று பார்த்தால், சாதாரண எஃகு சுமார் 12 மைக்ரான், ஆஸ்டெனைட் எஃகு 17 முதல் 18, டைட்டானியம் 9 அளவில், அலுமினியம் 23. சாதாரண எஃகும் ஆஸ்டெனைட் எஃகும் சேர்ந்த மூட்டு உலையில் தகைவின்றி இளைப்பாறியதாகவே வைத்துக்கொள்வோம். அங்கிருந்து 600 டிகிரி குளிர்ந்து இறங்கும்போது மீட்டருக்கு 3.3 மில்லிமீட்டர் வேறுபாடு, அதாவது 0.33 விழுக்காடு. இரு பக்கமும் பாதிப்பாதி ஏற்றுக்கொண்டாலும் ஒவ்வொன்றுக்கும் 0.16-க்கு மேல். 300 மெகாபாஸ்கலில் இளகத் தொடங்கும் எஃகுக்கு 0.15 விழுக்காடே எல்லை. உலை பழைய தகைவை அழித்தது உண்மை. வெளியே வரும் வழியில் புதிய தகைவை எழுதியதும் உண்மை. மெதுவாகக் குளிர்விப்பதாலும் இது தீராது. வேகம் இதற்குக் காரணமே இல்லை. வெப்பநிலை வித்தியாசமே காரணம்.

இதற்கு உலையில் தீர்வு இல்லை, வடிவமைப்பில் உண்டு. கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலையின் நீராவி ஆக்கிகளில் 9 விழுக்காடு குரோமிய எஃகையும் 316எல்என் எஃகையும் நேரடியாக மோதவிடாமல், நடுவே அலாய் 800 துண்டு ஒன்றை வைத்து மும்மை மூட்டாகத் திட்டமிட்டார்கள். அங்கே உராய்வு வெல்டிங் இல்லை. ஆனால் விரிவு வேறுபாட்டை ஒரே படியாக இறக்காமல் இரண்டு படியாக இறக்கும் யோசனை எல்லா முறைக்கும் பொது.

வானூர்தி எஞ்சின்களில் உராய்வு வெல்டிங்கின் மிகப் பெரிய பந்தயம் நடக்கிறது. கம்ப்ரசர் தட்டுகளை இனர்ஷியா முறையில் ஒட்டி ஒரே சுழலியாக்குகிறார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் பிரியூஸ், விதர்ஸ் ஆகியோர் ரோல்ஸ்-ராய்சோடு சேர்ந்து 2002-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வில், ஆர்.ஆர்.1000 என்ற நிக்கல் கலவை மூட்டுகளின் எஞ்சிய தகைவை நியூட்ரான் கதிரால் அளந்தார்கள். வழக்கமான பதப்படுத்தல் வெப்பநிலையில் தகைவு போதிய அளவு இறங்கவில்லை. ஏறத்தாழ 50 டிகிரி கூட்ட வேண்டியிருந்தது. இரு பக்கமும் அதே கலவை என்பதால் கூட்ட முடிந்தது. எதிர்ப்பக்கம் இன்கோனல் 718 இருந்தால்? அதன் இயல்பான ஏஜிங் 720 டிகிரியில் எட்டு மணி நேரம், பிறகு 620-இல் எட்டு மணி நேரம். அதன் வலிமைக்குக் காரணமான நையோபிய வீழ்படிவு 780 டிகிரியை நெருங்கினால் பயனற்ற இன்னொரு வடிவத்துக்கு மாறத் தொடங்கும். ஆர்.ஆர்.1000-க்குத் தளர்ச்சி கிடைக்கும் சூட்டில் 718 வலிமை இழக்கும். 718-க்குப் பாதுகாப்பான சூட்டில் மற்றது தளராது. பலமான ஆர்.ஆர்.1000 விட்டுக்கொடுக்க வேண்டும், கொஞ்சம் தகைவோடு வாழப் பழக வேண்டும்.

மாரேஜிங் எஃகும் 4340 போன்ற எஃகும் சேரும் மூட்டில் நிலைமை நட்பானது. மாரேஜிங் எஃகுக்கு 480 டிகிரியில் மூன்று மணி நேரம் போதும். எதிர்ப்பக்கத்து எஃகை ஒட்டும் முன்பே அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் டெம்பர் செய்து வைத்திருந்தால், அது எதையும் இழக்காது. கார்பன் கடந்துபோவதைத் தடுக்க நிக்கல் இடைப்படலம் வைத்தும் ஹைதராபாத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். இடைப்படலம் வைத்தால் ஓர் இணைமுகம் இரண்டாகிறது. இரண்டுக்கும் தனித்தனியே கணக்குப் பார்க்க வேண்டும் என்பதைச் சிலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆய்வுகளின் மீது எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. பெரும்பாலானவை விரல் தடிமனுள்ள தண்டுகளை ஒட்டி, சில வெப்பநிலைகளில் சூடாக்கி, இழுத்துப் பார்த்து, 'அடிப்படை உலோகத்தில் முறிந்தது, எனவே மூட்டு நூறு விழுக்காடு' என்று முடிகின்றன. அலுமினியம்-எஃகு மூட்டில் அலுமினியம் மென்மையானது. அதிலும் சூடு பட்ட பகுதி இன்னும் மென்மை. அங்கே முறிந்தால், இணைமுகத்தின் மேல் அதன் தாங்குதிறனைத் தொடும் சுமை வரவே இல்லை என்பதே பொருள். இன்னும் மோசம்: உலையில் வைத்து அலுமினியத்தை மேலும் மென்மையாக்கினால், முறிவு இணைமுகத்தைவிட்டு நகர்ந்து, மூட்டு 'மேம்பட்டதாக'த் தோன்றும். இணைமுகத்தில் காடி வெட்டி இழுக்க வேண்டும், வளைக்க வேண்டும், அடித்துப் பார்க்க வேண்டும், மீண்டும் மீண்டும் சுமையேற்றி உலோகச் சோர்வைப் பார்க்க வேண்டும். சோர்வுச் சோதனை செய்த தாள்கள் குறைவு. சூடேறி ஆறும் சுழற்சிகளில் வைத்துப் பார்த்தவை அதைவிடக் குறைவு.

அளவு மாறினால் முடிவும் மாறும். விரல் தடிமனில் சரிந்துபோகும் தகைவு, முழங்கை தடிமனில் பூட்டிக்கொள்ளும். பெரிய பாகத்தை முழுதாக உலைக்குள் தள்ளாமல், இண்டக்ஷன் சுருளால் ஒரு பக்கத்தை மட்டும், சில நொடிகளுக்கு மட்டும் டெம்பர் செய்யும் வழி இப்போது அதிகம் பேசப்படுகிறது. கடினமாகும் எஃகு ஒரு பக்கமும் சூடு பொறுக்காத உலோகம் மறுபக்கமும் உள்ள ஜோடிகளுக்கு இது பொருத்தம். சுருளை இணைமுகத்தின் மேல் வைக்காமல் எஃகுப் பக்கமாகச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்து, எதிர்ப்பக்கத்தைக் குளிர்ந்த செம்புத் தாடையால் கவ்வினால், இணைமுகம் காணும் சூட்டை எஃகு காணும் சூட்டைவிடக் கணிசமாகக் கீழே நிறுத்தலாம். ஆனால் ஃபிளாஷை முதலில் நீக்கிவிட வேண்டும். அதன் அடியில் உள்ள காடியிலும் அதில் சிக்கிய சேர்மத் துண்டுகளிலும்தான் சூடேறும்போது விரிசல் முதலில் கிளம்புகிறது. வால்வு ஆலைகளில் அதைச் சூடாக இருக்கும்போதே வெட்டிவிடுவார்கள். மார்ட்டென்சைட்டாக இறுகிய பிறகு வெட்டப் போனால் கருவிதான் உடையும்.